சிவில் முடிச்சிட்டு என்ன படிக்கிறது? பெரியாறுல இருந்து ஆரம்பிப்போம்

இந்த எபிசோட் ஒரு வாய்ஸ் நோட்டுக்கான பதில். அனுப்பின தங்கச்சி மேலூர்ப் பக்கம் ஒரு கிராமம், சிவில் இன்ஜினியரிங் மூணாவது வருஷம். "அண்ணா, மைனர் டிகிரி எடுக்கலாம்னு காலேஜ்ல ஃபார்ம் குடுத்திருக்காங்க. சீனியர்ல பாதிப் பேர் எம்.இ. ஸ்ட்ரக்சுரல் போங்குறாங்க, மீதிப் பேர் பேசாம பைத்தான் கத்துக்கிட்டு ஐ.டி.க்குப் போயிருங்குறாங்க. எங்களுக்கு ஒருபோக விவசாயம். ரெண்டு வருஷத்த வீணாக்க வீட்ல வசதி இல்ல. எது எடுக்கட்டும்?"

நான் படிச்சது கம்ப்யூட்டர் சயின்ஸ், சம்பளம் வாங்குறது கோட் எழுதி. அதனால எந்தக் கோர்ஸுக்கு எவ்வளவு சம்பளம்னு என்கிட்ட கேட்காதீங்க. ஆனா என் டீம்ல எட்டுப் பேர்ல ரெண்டு பேர் சிவில் படிச்சவங்க. மதியச் சாப்பாட்டுல அவங்க ஒரு ஃப்ளைஓவர் பில்லரைப் பத்திப் பேச ஆரம்பிச்சா குரலே மாறிடும். அந்தக் குரல்தான் இந்த எபிசோடுக்காக என்னை வரலாற்றுக்குள்ள இழுத்துட்டுப் போச்சு.

முதல்ல அந்த ஃபார்ம்ல என்ன இருக்குன்னு பாத்துடுவோம். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ரெகுலேஷன்படி, வழக்கமான பாடங்களுக்கு மேல 18 கிரெடிட் படிச்சா மைனர் கிடைக்கும். ஃபின்டெக்கும் பிளாக்செயினும், தொழில்முனைவு, பொது நிர்வாகம், பிசினஸ் டேட்டா அனலிட்டிக்ஸ், சுற்றுச்சூழலும் நிலைத்தன்மையும். இவைதான் அதில் உள்ள பிரிவுகள். மேல்படிப்புன்னா இன்னும் நீளம்: ஸ்ட்ரக்சுரல், மண் பொறியியல், நீர்வளம், சுற்றுச்சூழல், போக்குவரத்து, கட்டுமான மேலாண்மை, ரிமோட் சென்சிங், நகரத் திட்டமிடல். பார்க்க ஹோட்டல் மெனு மாதிரி இருக்கும். சர்வர் பக்கத்துல நின்னு சீக்கிரம் சொல்லுங்கன்னு பார்க்கிற மாதிரியும் இருக்கும்.

ஆனா இந்த மெனுவில் உள்ள ஒவ்வொரு பெயருக்குப் பின்னாலயும் ஒரு இடம் இருக்கு. யாரோ ஒரு இன்ஜினியர் ஒரு ஆத்தங்கரையிலயோ மலையிலயோ ரோட்டுலயோ நின்னு, 'எனக்குத் தெரிஞ்சது இதோட முடிஞ்சுபோச்சு' என்று உணர்ந்த இடம். அதுல முக்கியமான சில இடங்கள் நம்ம மதுரையைச் சுத்தியே இருக்கு.

சிவில் என்ற சொல்லில் இருந்து போவோம். 18ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் ஜான் ஸ்மீட்டன் என்பவர் தன்னை 'சிவில் இன்ஜினியர்' என்று அழைத்துக்கொண்டார். அதுவரை இன்ஜினியர் என்றாலே பட்டாளத்துக்காரர். கோட்டை கட்டுவார், எதிரியின் கோட்டையை உடைப்பார். மக்களுக்காகக் கலங்கரை விளக்கமும் கால்வாயும் கட்டுபவர் சிவில். தமிழில் இதைக் குடிசார் பொறியியல் என்று சொல்றோம். குடிகளைச் சார்ந்தது. ரொம்ப நல்ல மொழிபெயர்ப்பு, கட்டடப் பொறியியல் என்பதைவிட ஆயிரம் மடங்கு மேல். கட்டடம்னு சொன்ன உடனே தண்ணியும் ரோடும் சாக்கடையும் கணக்குல இருந்து விழுந்துடுது பாருங்க.

சென்னையில் 1794இல் மைக்கேல் டாப்பிங் என்பவர் ஒரு நில அளவைப் பள்ளி தொடங்கினார். எட்டு மாணவர்கள். அனாதை இல்லத்தில் வளர்ந்த பையன்களை எடுத்துச் சங்கிலி பிடிக்கவும் வரைபடம் போடவும் கற்றுக்கொடுத்தார்கள். கம்பெனிக்கு நிலத்தை அளக்க ஆள் வேண்டும், லண்டனில் இருந்து கூட்டி வந்தால் செலவு அதிகம், அவ்வளவுதான் காரணம். அந்தப் பள்ளி வளர்ந்து 1859இல் இன்ஜினியரிங் கல்லூரி ஆனது. 1920இல் கிண்டிக்கு இடம் மாறியது. இன்னைக்கு நாம சி.இ.ஜி.ன்னு சொல்றது அதைத்தான்.

இப்ப இந்த வருஷங்களைக் கவனிங்க. கிண்டியில் மெக்கானிக்கல் வந்தது 1894. எலெக்ட்ரிக்கல் 1930. தொலைத்தொடர்பும் நெடுஞ்சாலையும் 1945. அதுக்கு முன்னாடி நூறு வருஷம் இருந்த ஒரே மரம் சிவில்தான். மத்தது எல்லாம் அதுக்கு அப்புறம் வந்த கிளை. என் கம்ப்யூட்டர் சயின்ஸ் எல்லாம் நேத்து முளைச்ச துளிர். கேம்பஸ் பிளேஸ்மென்ட் வரிசையில யாரு முன்னாடி நிக்கிறா, யாரு பின்னாடி நிக்கிறான்னு பாக்குறப்ப இதைக் கொஞ்சம் ஞாபகம் வச்சுக்கோங்க.

சரி, பெரியாறு.

மதுரை, தேனி பக்கம் வீட்டுச் சுவரில் ஒரு வெள்ளைக்காரர் படம் மாட்டியிருந்தா அது பென்னிகுயிக். அவர் சொத்தை வித்து அணை கட்டின கதையை நீங்க எல்லாரும் கேட்டிருப்பீங்க, அதுக்குள்ள இன்னைக்கு நான் போகல. எனக்கு வேற ஒரு கேள்வி. அவர் என்ன படிச்சிருந்தார்?

அதுக்கு முன்னாடி யோசனை யாருடையதுன்னு சொல்லிடணும். மேற்கே ஓடி அரபிக் கடலில் கலக்கும் பெரியாற்றுத் தண்ணீரை மலைக்கு இந்தப் பக்கம் திருப்பினால் வைகைப் படுகை பிழைக்கும் என்பதை 1789இலேயே ராமநாதபுரம் சமஸ்தானத்தின் பிரதானி முத்திருளப்ப பிள்ளை ஆட்களை அனுப்பிப் பார்த்துவரச் சொல்லியிருக்கிறார். முடியும் என்றுதான் பதில் வந்தது. பணம் இல்லை. 1808இல் ஜேம்ஸ் கால்டுவெல் என்ற கேப்டன் பார்த்துவிட்டு இது நடக்கிற காரியம் இல்லை என்று எழுதிவிட்டார். (திருநெல்வேலி ராபர்ட் கால்டுவெல் வேற, குழப்பிக்காதீங்க.) 1850இல் சின்ன அளவில் வேலை ஆரம்பித்து, காய்ச்சலும் கூலிப் பிரச்சினையும் சேர்ந்து நின்றுபோனது. அப்புறம் 1876 முதல் 78 வரை தாது வருஷப் பஞ்சம். சென்னை மாகாணமே எலும்பும் தோலுமாக ஆனது. அதற்குப் பிறகுதான் கோப்புகள் வேகமாக நகர்ந்தன. 1882இல் திட்டத்தைத் திருத்தி எழுதும் பொறுப்பு பென்னிகுயிக்கிடம் வந்தது.

இப்ப அவர் படிப்புக்கு வருவோம். 1841இல் புனேயில் பிறந்தவர். இங்கிலாந்தில் அடிஸ்கூம் என்ற கம்பெனி ராணுவப் பள்ளியில் படித்தார். அங்கே கணிதம், கோட்டை கட்டும் கலை, நில அளவை, ராணுவ வரைபடம், இந்துஸ்தானி எல்லாம் சொல்லிக்கொடுத்தார்கள். 1860இல், பத்தொன்பது வயதில், சென்னை வந்தார். அப்போ இன்றைய அர்த்தத்தில் அவர் கையில் இருந்தது பட்டாள டிகிரி. பெரிய அணை கட்டும் வித்தையை எந்த வகுப்பறையும் அவருக்கு முழுசாக் கொடுத்திருக்க முடியாது, ஏன்னா இந்த அளவுக்குப் பெரிய கான்கிரீட் அணை அப்போ உலகத்திலேயே அபூர்வம்.

1887இல் வேலை ஆரம்பித்தது. சுண்ணாம்பையும் சுர்க்கியையும், அதாவது செங்கல் தூளையும், கலந்த சாந்து. போர்ட்லேண்ட் சிமென்ட் அணை இல்லை அது. ஆற்றைத் திருப்ப வைத்த தற்காலிகத் தடுப்புகளை வெள்ளம் அடித்துக்கொண்டு போனது. மறுபடி வைத்தார்கள், மறுபடி போனது. அணைக்கு ஈடாகக் கஷ்டமான இன்னொரு வேலை, தண்ணீரை இந்தப் பக்கம் கொண்டுவர மலையைக் குடைந்த சுரங்கம். ஏறத்தாழ 5,700 அடி நீளம்.

இதெல்லாம் நமக்குப் பழகின ஹீரோ கதை. பழகாத கதை அங்கே இருக்கிற கல்லறைகள். காலராவைத் தவிர்த்து மற்ற நோய்களால் மட்டும் 483 பேர் இறந்ததாகத் திட்டத்தின் வரலாற்றில் பதிவு இருக்கிறது. அதை எழுதியவர் அணையில் வேலை பார்த்த மெக்கன்சி என்ற இன்ஜினியர், 1899இல் வந்த புத்தகம். காய்ச்சல் காலம் வந்தால் முகாமையே காலி செய்துவிட்டு மலை இறங்க வேண்டியிருந்தது. ஏலமலைக் காட்டில் மலேரியா. எதனால் வருகிறது என்று அந்த முகாமில் யாருக்கும் தெரியாது. 1895 அக்டோபர் 10ஆம் தேதி கவர்னர் வென்லாக் வந்து மதகைத் திறந்துவைத்தார். அதற்குக் கிட்டத்தட்ட இரண்டு வருஷம் கழித்து, 1897 ஆகஸ்டில், செகந்தராபாத்தில் ரொனால்டு ராஸ் ஒரு கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியைக் கண்டுபிடிக்கிறார். அணை முடிஞ்ச பிறகு.

அந்தத் தேதிகளைப் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்தப்ப எனக்குக் கொஞ்ச நேரம் பேச்சே வரல. அஸ்திவாரம், அழுத்தம், சாந்துக் கலவை எல்லாம் சரியா வந்துச்சு. தேங்கின தண்ணிக்கும் கொசுவுக்கும் காய்ச்சலுக்கும் உள்ள கணக்கு மட்டும் அப்ப யார் பாடத்திட்டத்துலயும் இல்ல. அந்த 483 பேர்ல பெரும்பாலானவங்க மலை அடிவாரத்து ஊர்கள்ல இருந்து கூலிக்குப் போனவங்களாத்தான் இருந்திருப்பாங்க.

இன்னைக்கு எம்.இ. சுற்றுச்சூழல்ப் பொறியியல்னு சொல்ற பிரிவுக்கு ரொம்ப காலம் பேரு பொதுச் சுகாதாரப் பொறியியல். பழைய பேருதான் எனக்குப் பிடிச்சிருக்கு. குடிதண்ணி, சாக்கடை, தேங்கின குட்டை எல்லாம் உயிரோட சம்பந்தப்பட்டதுன்னு பேருலயே இருக்கு. 'சுற்றுச்சூழல்'னா மரம் நடுற படிப்புன்னு வீட்ல நெனச்சுக்கறாங்க.

பெரியாற்றிலேயே இன்னொரு பாடமும் இருக்கு, சட்டம். 1886 அக்டோபர் 29இல் திருவிதாங்கூருடன் போட்ட குத்தகை. 999 வருஷம், 8,000 ஏக்கர், ஏக்கருக்கு வருஷம் 5 ரூபாய். 1970இல் அந்த வாடகை ஏக்கருக்கு 30 ரூபாய் ஆனது. 1979இல் குஜராத்தில் மச்சு அணை உடைந்து மோர்வி நகரம் அழிந்தபோது எல்லாப் பழைய அணையையும் மக்கள் பயத்தோடு பார்த்தார்கள். பெரியாற்றில் நீர்மட்டத்தை 152 அடியில் இருந்து 136 அடிக்கு இறக்கினார்கள். அணையைப் பலப்படுத்த எஃகுக் கம்பிவடங்களை உள்ளே இறக்கி நங்கூரம் போட்டார்கள், மேலே கான்கிரீட் தொப்பி, பின்னால் கான்கிரீட் அண்டைச் சுவர். அப்புறம் கேஸ். 2006இல் உச்ச நீதிமன்றம் 142 அடி தேக்கலாம் என்றது. கேரளா சட்டம் போட்டது. 2014 மே மாதம் மறுபடி 142 என்று தீர்ப்பு. இடுக்கியில் அணைக்குக் கீழே தூங்குகிறவர்களின் பயமும் நிஜம், மேலூரில் கடைமடையில் காத்திருப்பவர்களின் பயமும் நிஜம். இந்த ரெண்டுக்கும் நடுவுல உட்கார்ந்து நீதிபதிக்குப் புரியற மாதிரி நிலநடுக்கத்தையும் வெள்ளத்தையும் பழைய சாந்தோட பலத்தையும் விளக்கத் தெரிஞ்ச ஆள்தான் அங்க தேவைப்பட்டது, இனியும் தேவைப்படுவார். ஸ்ட்ரக்சுரல் போறவங்களுக்கு நான் சொல்ல ஆசைப்படறது இதுதான்: புதுக் கட்டடம் டிசைன் பண்றதுக்கு மென்பொருள் நிறைய வந்துடுச்சு. நூறு வருஷப் பழசு எவ்வளவு தாங்கும்னு சொல்றதுக்கு ஆள் கம்மி. 2021இல் அணைப் பாதுகாப்புச் சட்டம் வேற வந்திருக்கு. அந்த வேலை கூடத்தான் போகும்.

பென்னிகுயிக் அப்புறம் என்ன ஆனார் தெரியுமா? கல்லூரித் தலைவர் ஆனார். இந்தியப் பொதுப்பணித் துறைக்கு இன்ஜினியர் தயாரிக்கவே இங்கிலாந்தில் கூப்பர்ஸ் ஹில் என்ற இடத்தில் ஒரு கல்லூரி இருந்தது. 1896இல் அதன் தலைமைப் பொறுப்பை ஏற்றார். அந்தக் கல்லூரியில் சிவில் தவிர வேற என்ன சொல்லிக்கொடுத்தாங்க? தந்தி. 1885 முதல் காடு வளர்ப்பு. வனவியல் துறையும் பொறியியலும் ஒரே கேம்பஸ். அன்றைய மைனர் டிகிரின்னு வச்சுக்கோங்களேன். ஆனா அந்தக் கதவு பெரும்பாலும் ஐரோப்பியர்களுக்குத்தான் திறந்தது, நம்ம ஆட்களுக்குக் கிண்டியும் ரூர்க்கியும். 1906இல் கூப்பர்ஸ் ஹில்லை மூடிவிட்டார்கள்.

ரூர்க்கின்னு சொன்னதும் ஒரு சின்னக் கிளை. கங்கைக் கால்வாய் வெட்ட ஆள் தேவைப்பட்டதால் 1847இல் தொடங்கின கல்லூரி அது. அங்கே 1972இல் நீரியலுக்கு என்று தனி மேல்படிப்பு ஆரம்பித்தார்கள். நீர்வளம் எடுக்க நினைக்கறவங்க அந்தத் துறையையும் பார்த்து வைங்க.

கிண்டியில் பெண்கள் நுழைந்ததையும் ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போறேன். 1944இல் பட்டம் வாங்கிய முதல் மூவரில் ஏ. லலிதா எலெக்ட்ரிக்கல், லீலம்மா ஜார்ஜும் பி.கே. த்ரேஸியாவும் சிவில். த்ரேஸியா 1971இல் கேரளப் பொதுப்பணித் துறையின் தலைமைப் பொறியாளர் ஆனார். அவர் செய்து பார்த்த விஷயங்களில் ஒன்று, தாரோடு ரப்பரைக் கலந்து ரோடு போடுவது. ரப்பர் விளையும் ஊர், ஓயாத மழை, குழி விழும் ரோடு. இருக்கிற பொருளை வைத்து ஒரு விடை தேடியிருக்கிறார். இதை நான் சும்மா சொல்லல. மதுரையில இதே மாதிரி ஒரு விடை, வேற ஒரு பொருளை வச்சு வந்துச்சு.

திருப்பரங்குன்றம். கருமுத்து தியாகராஜன் செட்டியார் 1957இல் தொடங்கிய தியாகராஜர் பொறியியல் கல்லூரி. அங்கே 2000த்தின் தொடக்கத்தில் பேராசிரியர் ஆர். வாசுதேவன் பிளாஸ்டிக் குப்பையை என்ன செய்வது என்று யோசித்துக்கொண்டிருந்தார். அவர் சிவில் ஆசிரியர் கிடையாது. வேதியியல். இன்ஜினியரிங் படிச்சவங்களுக்குத் தெரியும், முதல் வருஷ கெமிஸ்ட்ரின்னா நாம எந்த லட்சணத்துல கவனிப்போம்னு. பாஸ் ஆனா போதும்.

அவர் கண்டுபிடிச்சது என்னன்னா: தாருக்குள்ள பிளாஸ்டிக்கைப் போட்டுக் கலக்குறதுக்குப் பதிலா, சூடான ஜல்லி மேல தூவிடுறது. ஜல்லியை 160, 170 டிகிரிக்குச் சூடாக்கி, பொடியா வெட்டின கேரி பேக், கப், தின்பண்ட உறை எல்லாத்தையும் அது மேல தூவினா, ஒரு நிமிஷத்துக்குள்ள உருகிக் கல்லைச் சுத்தி மெல்லிசாப் பூசிக்கும். அப்புறம் தாரை ஊத்தினா அந்தப் பூச்சு மேல நல்லாப் பிடிக்கும். கல்லோட நுண்துளைகள் அடைபடுறதால தண்ணி உள்ள போகாது. நம்ம ரோடு கெட்டுப்போறதுக்கு முதல் எதிரி அந்தத் தண்ணிதான். ரெண்டு விஷயம் முக்கியம். ஒண்ணு, பி.வி.சி. சேர்க்கக் கூடாது, சூடானா விஷ வாயு வரும். இன்னொண்ணு, வெப்பத்தை மீறக் கூடாது. பிளாஸ்டிக் உருகணும், எரியக் கூடாது. இது ரெண்டும் வேதியியல்காரர் கண்ணுக்கு உடனே தெரியும். சைட்ல நிக்கிறவருக்கு யாராவது சொல்லிக்கொடுக்கணும்.

2002இல் கல்லூரி வளாகத்துக்குள்ளேயே சோதனைச் சாலை போட்டார்கள். கல்லூரிக்குக் காப்புரிமை கிடைத்தது. 2013இல் இந்தியச் சாலைக் காங்கிரஸ் இதற்கு வழிகாட்டி நெறிமுறை வெளியிட்டது. ஒற்றைத் தட ரோடு என்றால் கிலோமீட்டருக்குச் சுமார் ஒரு டன் பிளாஸ்டிக் உள்ளே போகும். 2018இல் வாசுதேவனுக்குப் பத்மஸ்ரீ. ரோடு தேயத் தேய நுண்பிளாஸ்டிக் எங்க போகுதுன்னு இப்ப கேக்கறாங்க. நியாயமான கேள்வி. யாராவது அளந்து பதில் சொல்லணும். போக்குவரத்துல எம்.இ. பண்றவங்களும் சுற்றுச்சூழல் மைனர் எடுக்கறவங்களும் சந்திச்சுக்கற இடம் அதுதான்.

இப்ப பைத்தான். சீனியருங்க சொல்றது தப்புன்னு நான் சொல்ல மாட்டேன், எனக்கே சோறு போடுறது அது. ஆனா 2017 ஏப்ரல் ஞாபகம் இருக்கா? வைகை அணையில் தண்ணீர் ஆவியாவதைத் தடுக்கத் தெர்மாகோல் அட்டைகளை டேப் ஒட்டி மிதக்கவிட்டார்கள். காத்து அடிச்சதும் எல்லாம் கரைக்கு வந்துடுச்சு. அன்னைக்கு மீம் போடாத ஆள் இல்ல, நானும் ஷேர் பண்ணினேன். ஆனா கேள்வி முட்டாள்தனமானது இல்ல மக்களே. வெயில் காலத்துல மதுரைக்காரன் கேட்க வேண்டிய கேள்வி அது. லாஸ் ஏஞ்சலிஸில் 2015இல் ஒரு நீர்த்தேக்கத்தில் 9 கோடியே 60 லட்சம் கறுப்புப் பந்துகளை மிதக்கவிட்டார்கள். முதன்மை நோக்கம் சூரிய ஒளியால் தண்ணீரில் கெடுதலான வேதிப்பொருள் உருவாகாமல் தடுப்பது, ஆவியாதல் குறைந்தது கூடுதல் லாபம். வைகையில் காத்து எந்தத் திசையில எவ்வளவு வேகத்துல வரும், அலை எவ்வளவு எழும்பும், ஒரு நாளைக்கு எத்தனை மில்லிமீட்டர் போகுதுன்னு முன்கூட்டியே கணக்குப் போட்டிருந்தா அந்த அட்டையை யாரும் தண்ணில விட்டிருக்க மாட்டாங்க. அந்தக் கணக்குக்குச் செயற்கைக்கோள் படம் இலவசம், கியூ.ஜி.ஐ.எஸ். இலவசம், பைத்தானும் இலவசம். எங்க ஆபீஸ்ல கோட் எழுதத் தெரிஞ்சவங்க நிறையப் பேர் இருக்கோம். கண்மாயோட கொள்ளளவுன்னா என்னன்னு எங்கள்ல ஒருத்தருக்கும் தெரியாது. டேட்டா அனலிட்டிக்ஸ் மைனர் எடுத்தா அந்த ரெண்டாவது வித்தையைக் கைவிடாம எடுங்க.

நடைமுறைத் தகவல் கொஞ்சம். கேட் தேர்வில் 2021 முதல் ரெண்டு தாள் எழுதலாம். அந்த வருஷமே சுற்றுச்சூழலுக்குத் தனித் தாள் வந்துச்சு; 2022இல் நில அளவை, ரிமோட் சென்சிங் சார்ந்த ஜியோமேட்டிக்ஸ் தாளும் சேர்ந்துச்சு. டாப்பிங் எட்டுப் பையன்களுக்குச் சொல்லிக்கொடுத்த அதே பாடம் 228 வருஷம் கழிச்சுத் தனித் தேர்வா வருது! சிவிலோட இன்னொரு தாளையும் எழுதினா ரெண்டு கதவு. தமிழ்நாட்டுக்குள்ள எம்.இ., எம்.பிளான் சேர 2023இல் இருந்து சீட்டா பி.ஜி. தேர்வு. எம்.பிளான்னா நகரத் திட்டமிடல். ஆர்க்கிடெக்ட் மட்டும் போற இடம்னு நினைக்காதீங்க, சிவில்காரங்களும் போகலாம். மதுரை மாநகராட்சி அலுவலகம் இருக்கிற பகுதி தல்லாகுளம், உயர் நீதிமன்றக் கிளை இருக்கிற இடம் உலகனேரி. பேர்ல குளமும் ஏரியும் இருக்கிற ஊர்ல மழை பெஞ்சா தண்ணி எங்க போகணும்னு தெரிஞ்ச பிளானர் வேணும்.

கடைசியா, அந்த ஃபார்ம்ல யாரும் சீண்டாத கட்டம்: பொது நிர்வாகம். சிவில் படிக்கிற பிள்ளைக்கு இது எதுக்குன்னு தோணும். 1858இல் சென்னை மாகாணத்தில் ஒரு சட்டம் போட்டார்கள், கட்டாய உழைப்புச் சட்டம். கண்மாய்க் கரை, கால்வாய் பராமரிப்புக்கு ஊரார் உழைக்க வேண்டும், இல்லையென்றால் தண்டனை. ஊர் தானாகச் செய்துகொண்டிருந்த குடிமராமத்துக்கு அரசு போட்ட கயிறு. அடுத்த வருஷம், 1859, இன்ஜினியரிங் கல்லூரி. ஊர்க்காரங்க கையில இருந்த வேலை ஒரு பக்கம் சட்டத்துக்குள்ளயும் இன்னொரு பக்கம் துறைக்குள்ளயும் போன ரெண்டு வருஷம்னு நான் இதைப் படிக்கிறேன்.

அதுக்கப்புறம் நூறு வருஷத்துக்கு மேல இன்ஜினியர்கள் கண்மாயைக் கரை, மடை, கலுங்கு என்று கட்டுமானமாகவே பார்த்தார்கள். 1980களில் ஐரோப்பிய நிதியுதவியில் ஏரிகளை நவீனப்படுத்தும் திட்டம் வந்தபோது, வாய்க்காலுக்குச் சிமென்ட் பூசினால் மட்டும் போதுமா, தண்ணீரை யார் பங்கிடுவது என்ற கேள்வி எழுந்தது. ஏன்னா கண்மாயில் ஒரு ஆள் இருக்கிறார், நீர்க்கட்டி. எந்த மடையை எப்ப திறக்கணும், யார் வயலுக்கு எவ்வளவு நேரம், மேல் கண்மாய் மறுகால் பாய்ஞ்சு கீழ்க் கண்மாய்க்குத் தண்ணி எப்ப வரும், எல்லாம் அவர் தலையில் இருக்கும். கூலி நெல்லாக. தன் வயலுக்கே கூடுதலா விட்டுக்கிட்டார்ங்கிற பேச்சு வந்துடக் கூடாதுன்னு, சொந்த நிலம் இல்லாதவரா பாத்து வைக்கிற ஊர்களும் உண்டு. எங்க பாஷையில சொன்னா, கான்ஃப்ளிக்ட் ஆஃப் இன்ட்ரஸ்ட் இல்லாத ஸ்கெட்யூலர்.

மதுரையைத் தலைமையிடமாகக் கொண்ட தானம் அறக்கட்டளை இதைத்தான் பிடித்துக்கொண்டது. கண்மாய்ப் பாசன விவசாயிகளை வயலகம் என்ற பெயரில் சங்கமாக்கி, அவர்களையே முடிவெடுக்க வைத்து, பிறகு கரையைப் பலப்படுத்துகிற வேலைக்கு வந்தார்கள். அரசும் 2000இல் பாசன அமைப்புகளை விவசாயிகள் மேலாண்மை செய்யும் சட்டம் கொண்டுவந்தது. 2017இல் குடிமராமத்து என்ற பழைய பெயரிலேயே ஒரு திட்டம் வந்தது. பேர் திரும்பி வந்துடுச்சு. சங்கமும் கூடவே வந்துச்சான்னு ஊருக்கு ஊர் போய்த்தான் பாக்கணும்.

பேரணையில் இருந்து கிளம்பும் பெரியாறு பிரதானக் கால்வாய் கள்ளந்திரி வரை இருபோகத்துக்குப் பாயும். அதுக்கு அப்பால் மேலூர்ப் பக்கம் ஒருபோகம். அணையில இருப்பு எவ்வளவுன்னு பாத்து ஒவ்வொரு வருஷமும் அரசாணை போட்டுத் திறக்கறாங்க. கடைமடைக்குத் தண்ணி எத்தனையாவது நாள்ல வந்துச்சு, முறைப்பாசனம் வச்ச நாட்கள்ல யார் வயல் விட்டுப்போச்சு, கலுங்கு உடைஞ்சா மனு எந்த அலுவலகத்துக்குப் போகுது, அங்க எத்தனை மாசம் தூங்குது? இதை ஒரு போகத்துக்கு நோட்டுப் போட்டு எழுதினா இறுதியாண்டு புராஜெக்ட் ஆச்சு. செப்டம்பர் வாக்குல கால்வாய்ல தண்ணி வந்தா, கூடவே ஒரு நீர்க்கட்டியும் மண்வெட்டியோட நடந்து வருவார். காலையில சீக்கிரம் போங்க, பத்து மணிக்கு மேல அவரைப் பிடிக்க முடியாது.